ஃப்ளஷ் ஏன் ஸ்ட்ரெய்ட்டை வெல்கிறது? போக்கர் கைகளின் வரிசை வரும் கணக்கு

போக்கர் கைகளின் வரிசையை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் ஆடும்போது மறந்துபோகிறது, ஸ்ட்ரெய்ட் பெரியதா ஃப்ளஷ் பெரியதா என்று ஒவ்வொரு தடவையும் குழப்பம், இரண்டு பேருக்கும் ஒரே ஜோடி வந்தால் யாருக்கு வெற்றி என்பதும் புரியவில்லை: இதுதான் கேள்வி. மனப்பாடத்தை விட்டுவிடுங்கள் என்பதே என் முதல் பதில். 52 சீட்டுகளில் ஐந்தை எத்தனை விதமாக எடுக்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள். அரிதாக வருவது மேலே, அடிக்கடி வருவது கீழே. அந்த வரிசை தானாகவே வந்து நிற்கும். ஒருமுறை எண்ணிப் பார்த்தவருக்கு அது மறக்காது.

மொத்தம் 25,98,960 கைகள் உண்டு. அதில் சரிபாதிக்குக் கொஞ்சம் மேலே, 13,02,540 கைகள், எதுவுமே சேராதவை. ஜோடி இல்லை, வரிசை இல்லை, ஒரே சின்னமும் இல்லை. இதை ஹை கார்டு என்பார்கள். கையில் உள்ள பெரிய சீட்டுதான் அதன் ஒரே மதிப்பு. அடுத்தது ஒரு ஜோடி, அதாவது ஒரே எண் இரண்டு முறை. அது 10,98,240. இந்த இரண்டையும் கூட்டினால் 92 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. பெயர் சொல்லிப் பெருமைப்படும் மற்ற எல்லாக் கைகளும் மிச்சமிருக்கும் எட்டு சதவீதத்துக்குள் நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. புதிதாக ஆட வருபவர்கள் ராயல் ஃப்ளஷைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆனால் பெரும்பாலான ஆட்டங்கள் யார் ஜோடி பெரியது, யாருடைய துணைச்சீட்டு பெரியது என்ற அளவில்தான் முடியும். ஆகவே ஜோடியை ஒப்பிடும் விதியைப் பிறகு நிதானமாகப் பார்க்கப் போகிறேன்.

இரண்டு ஜோடி 1,23,552. ஏறக்குறைய 21 கைக்கு ஒன்று. மூன்று ஒரே எண், அதாவது டிரிப்ஸ், 54,912. ஏறக்குறைய 47 கைக்கு ஒன்று. நான்கு சீட்டு சேர்ந்திருக்கும் இரண்டு ஜோடியை, மூன்றே சீட்டு சேர்ந்த டிரிப்ஸ் வெல்வது பலருக்கு அநியாயமாகத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஓர் எண்ணுக்கு நான்கு சீட்டு. அந்த நான்கில் இரண்டை எடுக்க ஆறு வழி உண்டு. மூன்றை எடுக்க நான்கே வழி. இரண்டு ஜோடியில் இந்த ஆறு இருமுறை பெருக்கப்படுகிறது. 13 எண்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 78 வழி, அதை ஆறாலும் மறுபடி ஆறாலும் பெருக்கி, கடைசிச் சீட்டுக்கு மிஞ்சிய 44-ஆல் பெருக்கினால் 1,23,552. டிரிப்ஸுக்கு 13 எண், நான்கு வழி, மிச்ச இரண்டு சீட்டுகளின் எண்களுக்கு 66 வழி, அவற்றின் சின்னங்களுக்கு 16 வழி. பெருக்கினால் 54,912. பாதிக்கும் குறைவு. அதனால்தான் மேலே இருக்கிறது.

இனி மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடுகிறது. ஸ்ட்ரெய்ட் முதல் உச்சி வரை எல்லாவற்றையும் கூட்டினாலும் 19,716 கைகள்தான். 132 கைக்கு ஒன்று.

ஸ்ட்ரெய்ட்டும் ஃப்ளஷும் குழம்பும் இடத்துக்கு வருவோம். ஸ்ட்ரெய்ட் என்றால் எண்கள் தொடர்ந்து வரவேண்டும், சின்னம் எதுவாகவும் இருக்கலாம். ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு சீக்வென்ஸ் என்றாலே ஒரே சின்னம் என்று மனதில் பதிந்திருக்கும். அந்தப் பழக்கத்தை இங்கே கழற்றி வைத்துவிட வேண்டும். ஃப்ளஷ் அதற்கு நேர்மாறு. ஐந்தும் ஒரே சின்னமாக இருந்தால் போதும், எண்கள் எப்படியும் இருக்கலாம்.

ஸ்ட்ரெய்ட்டின் உச்சிச் சீட்டு ஐந்திலிருந்து ஏஸ் வரை பத்து விதமாக இருக்கலாம். ஒவ்வொரு விதத்திலும் ஐந்து இடங்கள், ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு சின்னங்கள். நான்கை ஐந்து முறை பெருக்கினால் 1,024. ஆக மொத்தம் 10,240. அதில் ஐந்தும் ஒரே சின்னமாக அமையும் 40-ஐக் கழித்தால் 10,200. ஃப்ளஷுக்கு, ஒரு சின்னத்தின் 13 சீட்டுகளில் ஐந்தை எடுக்க 1,287 வழி. நான்கு சின்னங்களுக்கும் சேர்த்து 5,148. அதே 40-ஐக் கழித்தால் 5,108. ஸ்ட்ரெய்ட்டில் பாதிதான் ஃப்ளஷ். இவ்வளவு தெளிவான இடைவெளி இருக்கும்போது இங்கே ஏன் எல்லோரும் குழம்புகிறோம்?

காரணம் இருக்கிறது. டெக்சஸ் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு வைத்து ஆடும் போக்கர்) ஆடுபவர்கள் கை நிறைவதற்குக் காத்திருக்கும் தருணத்தைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். நான்கு ஸ்பேட் கிடைத்துவிட்டது, ஐந்தாவது வேண்டும் என்ற நிலையில் உதவக்கூடிய சீட்டுகள் ஒன்பது. 6, 7, 8, 9 கிடைத்துவிட்டது, ஐந்தோ பத்தோ வேண்டும் என்ற நிலையில் உதவக்கூடியவை எட்டு. ஆக, கடைசிக் கட்டத்தில் ஃப்ளஷ் முடிவதற்குத்தான் வாய்ப்பு சற்று அதிகம். ஒரே ஒரு சீட்டு வரவேண்டியிருக்கும்போது, பார்க்காத 46 சீட்டுகளில் ஒன்பது என்றால் 19.6 சதவீதம், எட்டு என்றால் 17.4 சதவீதம். எளிதாக முடிவது எப்படிப் பெரிய கையாகும் என்று மனம் முரண்டு பிடிக்கிறது. ஆனால் கையின் இடத்தை நிர்ணயிப்பது கடைசிச் சீட்டு மட்டும் அல்ல, ஐந்தும் சேர்ந்து அமைவதன் அருமை. நான்கு ஸ்பேட் வரை வந்து சேர்வதே கடினமான பாதி. அதை ஏற்கெனவே கடந்துவிட்டதால் மிச்சம் சுலபமாகத் தெரிகிறது. இதை ஒருமுறை உணர்ந்துவிட்டால் ஃப்ளஷும் ஸ்ட்ரெய்ட்டும் மறுபடி இடம் மாறாது.

ஃப்ளஷுக்கு மேலே ஃபுல் ஹவுஸ், அதாவது மூன்றும் இரண்டும். அது 3,744. அதற்கு மேலே நான்கு ஒரே எண், குவாட்ஸ், 624 மட்டுமே. 13 எண்கள், ஐந்தாவது சீட்டாக மிஞ்சிய 48-இல் எதுவும் வரலாம், அவ்வளவுதான் கணக்கு. உச்சியில் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ், நாம் இருமுறை கழித்த அதே 40. அந்த 40-இல் பத்து, ஜாக், குயின், கிங், ஏஸ் என்று வரும் நான்குக்கு ராயல் ஃப்ளஷ் என்று பெயர். சில பட்டியல்கள் அதைத் தனி வகையாக எழுதிப் பத்து என்று காட்டும், சில ஒன்பதோடு நிறுத்தும். ஆட்டத்தில் எந்த வித்தியாசமும் வராது. ராயல் ஃப்ளஷ் என்பது மிக உயர்ந்த ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ், அதற்கு மேல் தனிச் சலுகை ஒன்றும் அதற்குத் தேவையில்லை.

சரி, வகை தெரிந்துவிட்டது. ஒரே வகை இரண்டு பேருக்கும் வந்தால்?

இதற்கு இரண்டே விதிகள் போதும். முதலாவது, கையில் பெரிய கூட்டம் எதுவோ அதை முதலில் ஒப்பிடவேண்டும். மூன்று சேர்ந்தது இருந்தால் அது முதலில், ஜோடி பிறகு, தனிச்சீட்டு கடைசியில். இரண்டாவது, கை என்றால் ஐந்தே சீட்டு, ஆறாவது என்று ஒன்று கிடையாது. இந்த இரண்டாவது விதிதான் அதிகச் சண்டைக்குக் காரணம், அதனால் அதற்கு நிறைய இடம் கொடுக்கிறேன்.

முதலில் பெரிய கூட்டம். மூன்று எட்டும் இரண்டு இரண்டும் ஒரு ஃபுல் ஹவுஸ். மூன்று ஏழும் இரண்டு கிங்கும் இன்னொன்று. கிங்கைப் பார்த்து மயங்கவேண்டாம். எட்டு ஏழைவிடப் பெரியது, அதோடு முடிந்தது, ஜோடிகளைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. இரண்டு ஜோடியிலும் அப்படித்தான். பெரிய ஜோடியை முதலில் பார்க்கவேண்டும். அது சமமானால் மட்டும் சின்ன ஜோடி, அதுவும் சமமானால் தனிச்சீட்டு.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் உலகப் போக்கர் தொடரின் 1977-ஆம் ஆண்டு இறுதிக் கை. டாய்ல் பிரன்சனிடம் 10-உம் 2-உம். எதிரே கேரி பெர்லண்டிடம் 8-உம் 5-உம். நடுவில் முதல் மூன்று சீட்டுகள் 10, 8, 5. பெர்லண்டுக்கு இரண்டு ஜோடி, பிரன்சனுக்கு ஒரே ஒரு ஜோடி. பெர்லண்ட் முன்னே இருக்கிறார். நான்காவது சீட்டு 2. இப்போது பிரன்சனுக்கும் இரண்டு ஜோடி, பத்தும் இரண்டும். பெர்லண்டின் சின்ன ஜோடி ஐந்து, பிரன்சனுடையது இரண்டு. ஆனால் பெரிய ஜோடி பத்து, எட்டைவிட மேல். ஆகவே கட்டிலேயே மிகச் சிறிய சீட்டு வந்து விழுந்து பிரன்சனை முன்னே கொண்டுபோய்விட்டது. ஐந்தாவதாக இன்னொரு 10 வந்து அதை ஃபுல் ஹவுஸாக்கி முடித்தது. அதற்கு முந்தைய ஆண்டும், 1976-இலும், அவர் வென்ற கடைசிக் கை 10-உம் 2-உம்தான். அதுவும் இரண்டு ஜோடியிலிருந்து கடைசிச் சீட்டில் பத்துகளும் இரண்டுகளுமான ஃபுல் ஹவுஸாக மாறியது. ஆனால் அந்த முறை எதிராளி ஜெஸ்ஸி ஆல்டோவிடம் ஏஸும் ஜாக்கும் இரண்டு ஜோடியாக இருந்ததால், அந்தக் கடைசி 10 வரும்வரை பிரன்சன் பின்னேதான் இருந்தார். ஒரே இரண்டு எண்களை வைத்துக்கொண்டு ஒருமுறை முன்னே, ஒருமுறை பின்னே. கையின் மதிப்பு எதிரே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று காட்ட இதைவிடத் தெளிவான இரண்டு கைகள் எனக்குத் தெரியாது.

அடுத்தது ஐந்து சீட்டு விதி. டெக்சஸ் ஹோல்டெமில் கையில் இரண்டு, நடுவில் ஐந்து, ஆக ஏழு சீட்டுகளிலிருந்து சிறந்த ஐந்தை எடுக்கிறோம். மிச்ச இரண்டும் இல்லாத மாதிரிதான். நடுவில் ஏஸ், கிங், 10, 8, 3 என்று வைத்துக்கொள்வோம். ஃப்ளஷுக்கு வழியில்லை. உங்களிடம் கிங்கும் 7-உம், எதிராளியிடம் கிங்கும் 5-உம். இருவருக்கும் கிங் ஜோடி. உங்கள் 7 பெரியது, நீங்கள்தானே வென்றீர்கள்? இல்லை. உங்கள் ஐந்து சீட்டு கிங், கிங், ஏஸ், 10, 8. அவருடையதும் அதேதான். 7-உம் 5-உம் உள்ளேயே வரவில்லை. பந்தயத் தொகை சரிபாதியாகப் பிரியும். உங்களிடம் 7-க்குப் பதிலாக 9 இருந்திருந்தால் கிங், கிங், ஏஸ், 10, 9 என்று ஆகி நீங்கள் வென்றிருப்பீர்கள். இந்தத் துணைச்சீட்டைத்தான் கிக்கர் என்கிறார்கள். ஜோடிக்குத் துணையாக மூன்று கிக்கர், டிரிப்ஸுக்கு இரண்டு, இரண்டு ஜோடிக்கும் குவாட்ஸுக்கும் ஒன்று. ஸ்ட்ரெய்ட், ஃப்ளஷ், ஃபுல் ஹவுஸ் இந்த மூன்றுக்கும் கிக்கரே கிடையாது, ஐந்து சீட்டுகளும் ஏற்கெனவே வேலையில் இருக்கின்றன.

இன்னொரு வலிக்கும் உதாரணம். உங்களிடம் 4, 4. எதிராளியிடம் ஏஸும் குயினும். நடுவில் முதலில் கிங், 9, 2. நீங்கள் முன்னே இருக்கிறீர்கள், அவரிடம் ஜோடிகூட இல்லை. அடுத்து 9 வருகிறது, அதன் பிறகு கிங் வருகிறது. கிங் ஜோடி, 9 ஜோடி, உங்கள் 4 ஜோடி, ஆக மூன்று ஜோடி என்று கணக்குப் போடத் தோன்றும். மூன்று ஜோடிக்கு ஆறு சீட்டு வேண்டும், கையில் ஐந்துக்குத்தான் இடம். உங்கள் கை கிங், கிங், 9, 9, அதோடு கிக்கராக ஒரு 4. அவருடையது கிங், கிங், 9, 9, ஏஸ். அவர் வென்றார். அவர் சீட்டு எதுவும் மேம்படவில்லை, உங்கள் ஜோடிதான் மதிப்பிழந்துவிட்டது. சின்ன ஜோடியை நம்பி ஆடுபவர்கள் இந்த ஆபத்தை எப்போதும் மனதில் வைத்திருக்கவேண்டும்.

ஃப்ளஷை ஒப்பிடும்போது மேலிருந்து ஒவ்வொரு சீட்டாக இறங்குங்கள். கிங், 9, 6, 4, 2 என்ற ஃப்ளஷ், குயின், ஜாக், 10, 8, 7 என்ற ஃப்ளஷை வெல்லும். மொத்தமாகக் கூட்டிப் பார்க்கும் வழக்கம் போக்கரில் கிடையாது. ஸ்ட்ரெய்ட்டில் உச்சிச் சீட்டைப் பார்த்தால் போதும். அங்கே ஏஸுக்கு மட்டும் இரட்டை வேடம்: 10, ஜாக், குயின், கிங், ஏஸ் என்று உச்சியிலும் நிற்கும், ஏஸ், 2, 3, 4, 5 என்று அடியிலும் நிற்கும். அடியில் நிற்கும்போது அது ஒன்றுதான், அந்த ஸ்ட்ரெய்ட் ஐந்தில் முடிகிறது, ஸ்ட்ரெய்ட்டுகளிலேயே அதுதான் சிறியது. குயின், கிங், ஏஸ், 2, 3 என்று சுற்றிக்கொண்டு வர அனுமதி இல்லை.

சின்னங்களில் உயர்வு தாழ்வு கிடையாது. ஸ்பேட் ஃப்ளஷும் ஹார்ட் ஃப்ளஷும் எண்கள் ஒன்றானால் சமம், ராயல் ஃப்ளஷே ஆனாலும் சமம். சில சீட்டுகளைத் திறந்து வைத்து ஆடும் ஸ்டட் என்ற போக்கர் வகையில் முதலில் பந்தயம் வைக்கவேண்டியவர் யார் என்று முடிவு செய்வது போன்ற சில்லறை வேலைகளுக்குச் சின்னங்களின் வரிசையைப் பயன்படுத்துவார்கள். அதைப் பார்த்துவிட்டு ஸ்பேட்தான் பெரியது என்று கைகளை ஒப்பிடும்போதும் சொல்பவர்கள் உண்டு. அது தவறு.

இதுவரை சொன்னதெல்லாம் ஐந்து சீட்டுக் கணக்கு. ஏழு சீட்டிலிருந்து ஐந்தை எடுக்கும்போது எண்ணிக்கைகள் மாறுகின்றன. மொத்தம் 13,37,84,560 விதங்கள். அதில் ஒரு ஜோடி 5,86,27,800. இரண்டு ஜோடி 3,14,33,400. எதுவும் சேராத ஹை கார்டு 2,32,94,460 மட்டுமே. நன்றாகக் கவனியுங்கள்: ஹை கார்டு இங்கே இரண்டு ஜோடியைவிட அரிது! அரிதானது மேலே என்பதுதான் விதி என்றால் ஹோல்டெமில் வெறுங்கை இரண்டு ஜோடியை வெல்லவேண்டாமா?

இந்த வரிசை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அப்படி மாற்றிப் பாருங்கள், என்ன ஆகிறது என்று தெரியும். ஒரு ஜோடி வைத்திருப்பவரிடம் ஏழு சீட்டுகளில் ஆறு வேறு வேறு எண்கள் இருக்கின்றன. ஐந்து வேறு எண்களை எடுத்துவைத்து, என்னிடம் ஜோடி இல்லை, இதோ வெறுங்கை என்று சொல்லிவிடுவார். இரண்டு ஜோடி வைத்திருப்பவரிடமும் பெரும்பாலும் ஐந்து வேறு எண்கள் உண்டு, அவரும் அதையே செய்வார். ஆட்டக்காரருக்கு ஐந்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருப்பதால், மேலே தூக்கி வைத்த உடனே வெறுங்கை மலிந்துபோகும். அரிதானதை உயர்த்தினோம், உயர்த்தியதாலேயே அது அரிதாக இல்லாமல் போய்விட்டது. ஆகவே ஐந்து சீட்டு வரிசையை அப்படியே வைத்திருப்பதுதான் ஒரே நியாயமான வழி. மற்ற இடங்களில் வரிசை ஏழு சீட்டிலும் நிலையாக நிற்கிறது: ஸ்ட்ரெய்ட் 61,80,020, ஃப்ளஷ் 40,47,644, ஃபுல் ஹவுஸ் 34,73,184. டிரிப்ஸ் 64,61,620, ஸ்ட்ரெய்ட்டுக்கு ஒட்டி உரசிக்கொண்டு நிற்கிறது, ஆனாலும் மீறவில்லை.

ஜோக்கர் சேர்த்து ஆடினால் இதே சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. எந்தச் சீட்டாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரே ஒரு ஜோக்கரை 52-உடன் சேர்த்து, ஐந்து சீட்டுக் கை எடுங்கள். ஒரு ஜோடியும் ஜோக்கரும் வந்தால் யாரும் அதை இரண்டு ஜோடியாக்க மாட்டார்கள், டிரிப்ஸ்தான் ஆக்குவார்கள். அப்படிப்பட்ட கைகள் 82,368. பழைய 54,912-உடன் கூட்டினால் டிரிப்ஸ் 1,37,280 ஆகிறது. இரண்டு ஜோடி அதே 1,23,552-இல் நிற்கிறது. இப்போது டிரிப்ஸ்தான் மலிவு. சரி, இரண்டு ஜோடியை மேலே வைத்துவிடலாமா? வைத்தால் அந்த 82,368 பேரும் ஜோக்கரை மற்றொரு தனிச்சீட்டுடன் சேர்த்து இரண்டு ஜோடி என்பார்கள். இரண்டு ஜோடி 2,05,920 ஆகிவிடும், டிரிப்ஸ் 54,912-க்கு இறங்கிவிடும். எப்படி வைத்தாலும் மேலே இருப்பதுதான் அதிகமாக வரும். இதற்குத் தீர்வே கிடையாது. ஜோக்கர் வைத்து ஆடினால் வரிசையும் அருமையும் முழுதாகப் பொருந்தாது என்று ஏற்றுக்கொண்டு ஆடவேண்டியதுதான். என் கருத்தில், கைகளின் வரிசையைக் கற்றுக்கொள்ளும் காலத்தில் ஜோக்கர் ஆட்டங்களைத் தள்ளி வைப்பது நல்லது.

கட்டின் அளவு மாறினால் மட்டும் வரிசையை மாற்றுவதற்கு நியாயம் இருக்கிறது. ஷார்ட் டெக் என்ற ஆட்டத்தில் 2 முதல் 5 வரை எடுத்துவிட்டு 36 சீட்டுகளில் ஆடுவார்கள். ஒரு சின்னத்துக்கு ஒன்பதே சீட்டு. ஒன்பதில் ஐந்தை எடுக்க 126 வழி, நான்கு சின்னங்களுக்கு 504, ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் 24-ஐக் கழித்தால் ஃப்ளஷ் 480. ஃபுல் ஹவுஸோ 1,728. ஆகவே அங்கே ஃப்ளஷ் ஃபுல் ஹவுஸை வெல்லும். எண்கள் நெருக்கமாக இருப்பதால் ஸ்ட்ரெய்ட்டும் மலிந்துபோகிறது. அதனால் சில இடங்களில் டிரிப்ஸை ஸ்ட்ரெய்ட்டுக்கு மேலே வைத்து ஆடுகிறார்கள், ஆட உட்காரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏஸ் அங்கே ஐந்தின் இடத்தில் நிற்கும்: ஏஸ், 6, 7, 8, 9 ஒரு ஸ்ட்ரெய்ட்.

ஃப்ளஷும் ஸ்ட்ரெய்ட்டும் போக்கரோடு பிறந்தவை அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்த ஆட்டம் 20 சீட்டுகளில் நடந்தது: ஏஸ், கிங், குயின், ஜாக், 10 மட்டும். ஆங்கில நடிகர் ஜோசப் கோவெல் 1829-இல் ஆற்று நீராவிப் படகொன்றில் பார்த்த ஆட்டத்தை விவரித்திருக்கிறார். நான்கு பேர், ஆளுக்கு ஐந்து சீட்டு, கட்டு தீர்ந்துவிடும். அங்கே ஜோடி, இரண்டு ஜோடி, மூன்று, ஃபுல், நான்கு, இவ்வளவுதான் கைகள். யோசித்துப் பாருங்கள், ஒரு சின்னத்துக்கு ஐந்தே சீட்டு இருக்கும் கட்டில் ஃப்ளஷ் என்றால் அது ராயல் ஃப்ளஷாகத்தான் இருக்க முடியும். 15,504 கைகளில் நான்கு. தனியாக ஒரு வகை வைப்பதில் அர்த்தமே இல்லை. 52 சீட்டுக் கட்டுக்கு மாறிய பிறகு ஃப்ளஷ் உள்ளே வந்தது, ஸ்ட்ரெய்ட் அதற்கும் பிறகு வந்தது. ஸ்ட்ரெய்ட்டை எங்கே வைப்பது என்று வெகுகாலம் கருத்து வேறுபாடு இருந்தது.

ஸ்ட்ரெய்ட் வந்ததால் நேர்ந்த பெரிய மாற்றம் உச்சியில் நடந்தது. அதற்கு முன் நான்கு ஏஸ் வைத்திருப்பவருக்குத் தோல்வியே கிடையாது. நான்கு கிங்கோடு ஓர் ஏஸ் வைத்திருப்பவருக்கும் அதே கதை, எதிராளியிடம் நான்கு ஏஸ் இருக்க வழியில்லையே. வெற்றி உறுதி என்று தெரிந்தே ஒருவர் பந்தயம் ஏற்றிக்கொண்டே போகலாம். ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் வந்த பிறகு நான்கு ஏஸுக்கும் ஒரு சிறு பயம் வந்தது. ராயல் ஃப்ளஷ்கூட இன்னொரு சின்னத்தின் ராயல் ஃப்ளஷோடு சமமாகலாம். ஆட்டத்துக்கு இது நல்லது என்றே நினைக்கிறேன்.

வேறு ஆட்டங்களுக்குப் போகிறீர்கள் என்றால் இரண்டு எச்சரிக்கைகள். ஒமாஹாவில் கையில் நான்கு சீட்டு இருக்கும், ஆனால் கையிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து மூன்று, இதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. நடுவில் நான்கு ஹார்ட் இருந்து உங்களிடம் ஒரே ஒரு ஹார்ட் ஏஸ் இருந்தால் ஹோல்டெமில் அது ஃப்ளஷ், ஒமாஹாவில் ஒன்றுமே இல்லை. லோபால் வகைகளில் வரிசை தலைகீழ். அதில் ஏஸைச் சிறியதாக எடுத்து, ஸ்ட்ரெய்ட்டையும் ஃப்ளஷையும் கண்டுகொள்ளாத வகையில் ஏஸ், 2, 3, 4, 5 சிறந்த கை. ஏஸைப் பெரியதாகவே வைத்து, ஸ்ட்ரெய்ட்டையும் ஃப்ளஷையும் எண்ணும் வகையில் 7, 5, 4, 3, 2 சிறந்தது. வழக்கமான போக்கரிலேயே மிக மோசமான கை எது என்று கேட்டால் அதுவும் இந்த 7, 5, 4, 3, 2-தான், சின்னங்கள் கலந்திருந்தால். 6, 5, 4, 3, 2 என்று இன்னும் கீழே போனால் அது ஸ்ட்ரெய்ட் ஆகிவிடும்.

நடுச்சீட்டுகளைப் பார்த்து எது சாத்தியம் என்று படிக்கவும் இதே அறிவு உதவும். ஹோல்டெமில் நடுவில் ஜோடி இல்லையென்றால் யாரிடமும் ஃபுல் ஹவுஸோ குவாட்ஸோ இருக்க முடியாது. ஒரே சின்னத்தில் மூன்று இல்லையென்றால் ஃப்ளஷ் இல்லை. ஐந்து எண் இடைவெளிக்குள் மூன்று சீட்டு அடங்கவில்லையென்றால் ஸ்ட்ரெய்ட் இல்லை. கிங், 9, 7, 4, 2 சின்னங்கள் கலந்து கிடக்கின்றன என்றால், மூன்றுமே இல்லை என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அங்கே மிகப் பெரிய கை மூன்று கிங்தான், கையில் இரண்டு கிங் வைத்திருப்பவர் கவலையின்றி இருக்கலாம். அந்த 7-க்குப் பதில் ஜாக் வந்திருந்தால் 9, ஜாக், கிங் ஐந்துக்குள் அடங்குகின்றன. 10-உம் குயினும் வைத்திருப்பவர் இப்போது அந்த மூன்று கிங்கை வெல்வார்.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். பந்தயம் எதுவும் வேண்டாம். கட்டைக் கலைத்து ஏழு சீட்டைத் திறந்து வையுங்கள், சிறந்த ஐந்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலில் ஃப்ளஷைத் தேடுங்கள், பிறகு கூட்டங்களை, கடைசியில் ஸ்ட்ரெய்ட்டை, ஏனென்றால் கண்ணுக்குத் தப்புவது அதுதான். வேகம் வந்த பிறகு இரண்டு பேருக்கு இரண்டிரண்டு சீட்டு, நடுவில் ஐந்து என்று வைத்து யார் வென்றார், எந்தச் சீட்டால் வென்றார் என்று சொல்லிப் பாருங்கள். தொடங்குவதற்கு ஒரு கணக்கு இங்கேயே: 9, 9, 9, 6, 6, 6, கிங். இரண்டு டிரிப்ஸ் என்று ஒரு கை கிடையாது. மூன்று ஒன்பதை எடுத்ததும் ஆறுகளில் இரண்டுக்குத்தான் இடம் இருக்கிறது, மூன்றாவது ஆறும் கிங்கும் வெளியே போய்விடும். விடை, ஒன்பதுகள் மூன்றும் ஆறுகள் இரண்டுமான ஃபுல் ஹவுஸ்.